வீட்டுக்கு அடியில் ஒரு வீடு... நம் ஊருக்குச் சரிப்படுமா?

“பேஸ்மென்ட் நாளைக்கு முடிஞ்சிரும்லா அண்ணாச்சி!” என்றார் கொத்தனார்.

கயத்தாறில் எங்கள் தெருவில் புது வீடு கட்டும் அண்ணாச்சி, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது அவர் கையில் இருந்த செல்போனில் கனடாவிலிருந்து மகள் வீடியோ காலில் இருந்தாள். கொத்தனார் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

“கொத்தனாரே, பேஸ்மென்ட்ல ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கீங்க?”

கொத்தனார் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி செல்போனைப் பார்த்தார். “மண்ணு அடிச்சு மூடப்போற இடத்துல எதுக்கு தாயி ஜன்னல்?” என்று கொத்தனார் கேட்க, இரண்டு பக்கமும் சிரிப்பு அடங்க வெகு நேரமானது.

சொல் ஒன்றுதான். நம் ஊரில் பேஸ்மென்ட் என்றால், அஸ்திவாரத்துக்கு மேலே சுவர் எழுப்பி, உள்ளே கிராவல் மண் அடித்து, தண்ணீர் விட்டு இறுக்கி, தரை போடுவதற்காக உயர்த்துகிற மேடை. கனடாவில் பேஸ்மென்ட் என்றால் வீட்டுக்குக் கீழே, பூமிக்குள் இருக்கிற ஒரு முழுத் தளம். இங்கே மண் நிரப்புகிற இடத்தில், அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அண்ணாச்சியின் மகளும் மருமகனும் டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் அப்படி ஒரு பேஸ்மென்ட்டில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள்.

இந்த விவரம் முதன்முதலில் தெரியவந்தபோது அண்ணாச்சியின் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “படிக்கவச்சு, கட்டிக்கொடுத்து, பிள்ளைய மண்ணுக்குள்ள கொண்டுபோய் வச்சிருக்கோமே” என்பது அவர் புலம்பல். “ஏட்டி, அங்க வெயில் வருமா?” என்பதுதான் ஒவ்வொரு அழைப்பிலும் அவர் கேட்கும் முதல் கேள்வி.

அண்ணாச்சிக்கோ வேறு யோசனை. மகள் காட்டிய வீடியோவில் அந்த அறை பளிச்சென்று இருந்தது. தனி வாசல், தனி அடுப்படி, குளியலறை எல்லாம் இருந்தன. “நாமும் கீழே தோண்டி ஒரு ரூம் போட்டா என்ன? வெயில் காலத்துல குளுகுளுன்னு இருக்கும். வாடகைக்கும் விடலாம். மனையும் சின்னது” என்று என்னிடம் வந்தார். மூன்று சென்ட், நான்கு சென்ட் மனையில் வீடு கட்டுகிற எவருக்கும் வரக்கூடிய ஆசைதான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கனடாக்காரர்கள் ஏன் தோண்டுகிறார்கள்?

குளிர்தான் காரணம். டொரன்டோவில் பனிக்காலத்தில் மேல்மண்ணில் உள்ள ஈரம் உறைந்து, விரிந்து, மேலே இருப்பதைத் தூக்கும். அஸ்திவாரம் அந்த உறைமண்ணில் நின்றால் வீடு ஆடிவிடும். ஆகவே சுமார் 4 அடிக்குக் கீழே போயாக வேண்டும். எப்படியும் 4 அடி தோண்டியாயிற்று. இன்னும் 4 அடி தோண்டினால் ஒரு தளமே கிடைக்கிறதே என்று வந்ததுதான் பேஸ்மென்ட். முன்பெல்லாம் கணப்பு அடுப்பு, விறகு, பழைய சாமான்கள் என்று கிடந்த இடம், பிறகு மெல்ல மெல்ல மனிதர்கள் வாழும் இடமானது.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கனடா போய்ச் சேர்ந்த தமிழர்கள் பலருக்கு முதல் வீடு இந்தப் பேஸ்மென்ட்தான். அவர்கள் ‘பேஸ்மென்ற்’ என்று எழுதுவார்கள். ஒரு அறையில் நாலைந்து பேர் தங்கி, ஒருவர் இரவு வேலைக்குப் போக, இன்னொருவர் அதே படுக்கையில் தூங்கி, காசு சேர்த்து ஊரிலிருந்து அம்மாவையும் தங்கச்சியையும் அழைத்துக்கொண்ட கதைகள் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதே ஆட்கள் பின்னால் சொந்த வீடு வாங்கியபோது கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டார்கள். அந்த வாடகை, வங்கிக் கடனின் மாதத் தவணையில் ஒரு பங்கைச் சுமந்தது.

பேஸ்மென்ட்டின் பெரிய லாபம் இதுதான். புதிதாக மனை வாங்க வேண்டாம், கூரை போட வேண்டாம். இருக்கிற சுவருக்குள்ளேயே ஒரு குடும்பம் கூடுதலாக வாழலாம். வயதான பெற்றோர் மகன் வீட்டிலேயே, ஆனால் தனி வாசலோடு, தன் சமையல் தன் டி.வி. என்று இருக்கலாம். கல்லூரி போகும் பிள்ளைக்குத் தனி அறை கிடைக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு மேலே குழந்தைகள் போடும் சத்தம் கேட்காது. இந்தப் பயன்களைப் பார்த்துத்தான் 2011இல் ஒன்டாரியோ மாகாணம், வீடுகளில் இப்படி இரண்டாவது குடியிருப்பை நகராட்சிகள் அனுமதிக்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தது.

ஆனால், அனுமதி என்றால் சும்மா இல்லை. பழைய வீட்டில் கீழ்த்தளத்தைக் குடியிருப்பாக மாற்றினால் கூரை உயரம் குறைந்தது 1.95 மீட்டர், அதாவது சுமார் 6 அடி 5 அங்குலம் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் தப்பிக்க ஜன்னலை நம்பியிருக்கிறீர்கள் என்றால், அது ஒரு ஆள் வெளியேறக்கூடிய அளவுக்கு, கிட்டத்தட்ட 4 சதுர அடி திறக்க வேண்டும். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவே தீயைக் கொஞ்ச நேரமாவது தாங்கி நிற்கும் தடுப்பு வேண்டும். புகை வந்தால் கத்தும் கருவி கட்டாயம். கார்பன் மோனாக்சைடு என்ற வாசனையே இல்லாத விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவியும் வேண்டும். போதாக்குறைக்கு மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு கீழ்த்தளத்தில்தான் அதிகம் தேங்கும். புகைபிடிக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர முக்கியக் காரணம் அது என்பதால், அதை அளந்து பார்க்கச் சொல்கிறது கனடா அரசு.

அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொன்னபோது, “ஒரு ரூமுக்கு இவ்வளவா?” என்றார். மகள் வீட்டில் ஜன்னல் திறக்கிறதா, புகைக் கருவி இருக்கிறதா என்று அன்றைக்கே கேட்டுவிட்டார். இருந்தது. கார்பன் மோனாக்சைடு கருவி மட்டும் பேட்டரி தீர்ந்து கிடந்ததாம். மறுநாளே மாற்றிவிட்டார்கள். வெளிநாட்டில் பிள்ளைகளைப் பேஸ்மென்ட்டில் வைத்திருக்கும் பெற்றோர்களே, “சாப்பிட்டியா”வுக்கு அடுத்தபடியாக இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.

தண்ணீருக்குப் பள்ளம்தான் தெரியும்

பேஸ்மென்ட்டின் உண்மையான எதிரி நெருப்புகூட இல்லை, தண்ணீர்தான்.

2024 ஜூலை 16 அன்று டொரன்டோவில் கொட்டியது ஏறக்குறைய 10 செ.மீ. மழை. அதற்கே நகரில் வெள்ளம், வீட்டுக் கீழ்த்தளங்களில் தண்ணீர். அத்தனைக்கும் அங்கே பல வீடுகளில் தரைக்கடியில் குழி அமைத்து, தண்ணீர் சேர்ந்தால் தானே ஓடும் மோட்டார் வைத்திருப்பார்கள். சாக்கடை நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் இருக்கும்.

இப்போது நம் மாவட்டக் கணக்கைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 95 செ.மீ. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. “அதெல்லாம் கடற்கரைப் பக்கம், தாமிரபரணிக் கரை, நமக்கென்ன” என்று கயத்தாறுக்காரர்கள் நினைத்தால், நமக்குப் பக்கத்துக் கோவில்பட்டியில் 53 செ.மீ. வானம் பார்த்த பூமி என்று பேரெடுத்த கரிசல் சீமையில் ஒரே நாளில் அவ்வளவு! டொரன்டோவைத் தத்தளிக்க வைத்ததைப் போல ஐந்து மடங்கு.

12 அடிக்கு 14 அடி அறை ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓரடித் தண்ணீர் நின்றால் சுமார் 4,750 லிட்டர். தண்ணீர் டேங்கர் லாரியில் பாதி வரை வரும். அதை வெளியே இறைக்கத் தெருவில் பள்ளம் வேண்டும். தெருவிலேயே தண்ணீர் நின்றால் இறைத்து எங்கே விடுவது? மின்சாரத்தையும் முன்கூட்டியே நிறுத்தியிருப்பார்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. 3 அடி அகலக் கதவுக்கு வெளியே 2 அடி உயரம் தண்ணீர் நின்றால், அந்தக் கதவின் மேல் சுமார் 170 கிலோ அழுத்தம் இருக்கும். 3 அடி நின்றால் அது 380 கிலோவைத் தாண்டும். தண்ணீர் ஒன்றரை மடங்கு உயர்ந்தால் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. கீழ்த்தளத்தில் இருப்பவர், “இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், மழை விட்டுடும்” என்று காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் கதவு திறக்க முடியாததாகிவிடும்.

நியூயார்க்கில் 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்சம் மழையாகக் கொட்டியபோது நகரில் 13 பேர் இறந்தார்கள். அதில் 11 பேர் கீழ்த்தள வீடுகளில் இருந்தவர்கள். ‘பாராசைட்’ என்ற கொரியப் படம் பார்த்தவர்களுக்குத் தெரு மட்டத்தில் ஜன்னல் வைத்த அந்த அரை நிலத்தடி வீடு நினைவிருக்கும். 2022 ஆகஸ்ட் மழையில் சியோலில் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் மூழ்கி இறந்தார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? 2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையம் ஒன்றின் கீழ்த்தளத்துக்குள் மழைத் தண்ணீர் பாய்ந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். வண்டி நிறுத்தவும் சாமான் வைக்கவும் அனுமதி வாங்கிய இடத்தை நூலகமாக நடத்திவந்தார்கள். தேர்வுக்குப் படிக்க வந்த பிள்ளைகள் அவர்கள். அந்தச் செய்தியை நினைவுபடுத்தியபோது அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர்.

கரிசல் மண் மூச்சு விடும்

கயத்தாறைச் சுற்றி நிறைய இடங்களில் கரிசல் மண். கி.ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் இங்கிருந்து கோவில்பட்டி போகிற வழியில்தான் இருக்கிறது. பருத்திக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் அம்மாவான அந்த மண், கட்டடத்துக்கு மட்டும் மாற்றாந்தாய். மழையில் ஊறி உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வருடா வருடம் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். இங்கே பல வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலுக்குக் கொத்தனாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த மாதிரி மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குடம்போல விரிந்த கான்கிரீட் தூண்களை ஆழமாக இறக்கும் முறையை உருவாக்கியது.

சாதாரண வீட்டுக்கே இந்தப் பாடு. கரிசலுக்குள் 10 அடி தோண்டி நாலு பக்கமும் சுவர் எழுப்பினால், மழைக்காலத்தில் உப்பும் மண் அந்தச் சுவர்களைப் பக்கவாட்டில் நெருக்கும். செங்கல் சுவர் அதற்குத் தாங்காது. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் வேண்டும், வெளிப்பக்கம் நீர்க்காப்புப் பூச்சு வேண்டும், சுவரை ஒட்டிச் சரளை நிரப்பி வடிகால் குழாய் போட வேண்டும். தோண்டும் மண்ணையும் கணக்குப் பாருங்கள்: அதே 12க்கு 14 அறைக்கு 10 அடி ஆழம் என்றால் ஏறக்குறைய 17 யூனிட். அதை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட இடமும் வேண்டும். சின்ன மனையில் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டினால் அவர்கள் அஸ்திவாரமும் கேள்விக்குறிதான். இந்தப் பணத்துக்கு மாடியில் ஒரு அறையை அமைதியாகக் கட்டிவிட்டுப் போகலாம் என்பது என் கருத்து.

சட்டமும் நம் பக்கம் இல்லை. நம் நாட்டுக் கட்டட விதிகளில் கீழ்த்தளம் என்பது பெரும்பாலும் வண்டி நிறுத்த, பொருள் வைக்க என்றுதான் வரும். குடியிருக்க என்று அல்ல. யார் என்ன சொன்னாலும், கடப்பாரை போடுவதற்கு முன் பேரூராட்சி அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

“சரி, குளுகுளுன்னாவது இருக்குமா, இருக்காதா?” என்று அண்ணாச்சி விடவில்லை.

சில மீட்டர் ஆழத்துக்குப் போனால் மண்ணின் வெப்பம் பகல் இரவு, கோடை மழை என்று மாறாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டி நிற்கும். ஆஸ்திரேலியாவில் கூபர் பீடி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஓபல் என்ற ரத்தினக்கல் தோண்டப் போனவர்கள், வெளியே 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும் வெயிலுக்குத் தப்பித் தோண்டிய பாறைக்குள்ளேயே குடியேறிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் நிலத்துக்கடியில்தான். உள்ளே 25 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும். ஆனால் அங்கே பாறை, அதுவும் பாலைவனம். ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையே ஏறக்குறைய 15 செ.மீ.தான். காயல்பட்டினத்தின் ஒரு நாள் மழை, கூபர் பீடியின் ஆறு வருட மழை!

நம் பகுதியின் ஆண்டுச் சராசரி 28 டிகிரியை ஒட்டி வரும். ஆகவே சித்திரை மதியம் வெளியே 38 என்றால் கீழே அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், பொய்யில்லை. வட இந்தியாவில் நவாப் காலத்து மாளிகைகளில் கோடைக்கென்றே நிலவறைகள் கட்டினார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவரில் ஈரம் ஏறும். துணி, புத்தகம், மெத்தை எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது.

தமிழ்நாட்டில் கீழ்த்தளம் நன்றாக ஒத்துப்போகும் இடம் மலைச்சரிவு. கொடைக்கானல், குன்னூர் பக்கம் சரிவில் கட்டிய வீடுகளைப் பாருங்கள். சாலைப் பக்கமிருந்து பார்த்தால் ஒரு தளம். பள்ளத்துப் பக்கம் போனால் அடியில் இன்னொரு தளம், முழு வாசலும் ஜன்னலும் வெளிச்சமுமாக இருக்கும். தண்ணீர் சரிவில் ஓடிவிடும். அங்கே சாமான் போட்டு வைத்திருக்கும் கீழ் அறையை, மலைப்பக்கச் சுவரில் கசிவு இல்லை என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு, படுக்கையறையாக மாற்றுவதில் தப்பே இல்லை.

நமக்கு மேலே இருக்கிறது இடம்

கயத்தாறுக்கு இயற்கை கொடுத்த சொத்து காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் இவ்வளவு காற்றாலைகள், மத்திய அரசின் காற்றாலைச் சோதனை நிலையமும் இங்கே இருக்கிறது. நாடே மின்சாரம் எடுக்கும் காற்றை விட்டுவிட்டு, காற்றில்லாத குழிக்குள் போவானேன்?

மாடி அறை கோடையில் அடுப்பாகக் கொதிக்கிறது என்பதுதான் எல்லாருடைய புகார். மேல்தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதித்து, அதற்கும் மேலே வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பூச்சு அடித்தால் கொதிப்பு நன்றாகக் குறையும். மேற்கு, கிழக்கில் எதிரெதிராக ஜன்னல் வைத்தால் ஆடிக் காற்று அறையைக் கழுவிக்கொண்டு போகும். மேற்குச் சுவரில் நிழல் விழ ஒன்றரை அடிக்குச் சன்ஷேடு நீட்டிக்கொள்ளுங்கள்.

பேஸ்மென்ட் தரும் அதே வசதியை வேறு மூலைகளிலும் தேடலாம். வண்டி நிறுத்தப் போட்ட போர்ட்டிகோ பெரிதாக இருந்தால் அதில் பாதியைத் தடுத்து வயதான அம்மாவுக்குப் படியேறாத அறை ஆக்கலாம். மாடிப்படிக்கு அடியில் கழிப்பறை வைக்கிறோம். உயரம் இருந்தால் அங்கே பிள்ளைகள் படிக்க ஒரு மேசையும் விளக்கும் வைக்கலாம். உடைந்த சைக்கிள், பழைய கிரைண்டர், பாத்திர மூட்டை என்று அடைத்து வைத்திருக்கும் ஸ்டோர் ரூம்தான் உண்மையில் நம் ஊர் பேஸ்மென்ட். அதைக் காலி செய்து ஒரு ஜன்னல் உடைத்தாலே ஒரு அறை கிடைத்துவிடும். செலவைவிட, வீட்டில் நடக்கும் சண்டைதான் பெரிது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நாம் தோண்டாமலேயே நம் வீடுகள் பேஸ்மென்ட் ஆகிக்கொண்டிருக்கின்றன. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில், தாத்தா காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் பிளக் பாயின்ட்டை முழங்காலுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து பரணுக்கு மாற்றிவிடுங்கள். கனமழை அறிவிப்பு வந்த இரவில் வயதானவர்களைத் தரைத்தளத்தில் தனியாகப் படுக்க விடாதீர்கள்.

அண்ணாச்சி கடைசியில் தோண்டவில்லை. பழைய வீட்டுச் சுவரில் 2023 மழைத் தண்ணீர் நின்ற கறை இன்னும் அழியாமல் இருக்கிறது. கொத்தனாரை அழைத்துப்போய் அதைக் காட்டினார். கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி அந்த மட்டத்தைப் புது மனைக்குக் கொண்டுவந்து, செங்கல் துண்டால் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே இரண்டு அடி ஏற்றிப் பேஸ்மென்ட் போட முடிவாயிற்று. கூடுதலாக எத்தனை லோடு கிராவல் வேண்டும் என்ற கணக்கு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. மாடியில் கிழக்குப் பார்த்த அறை மகளுக்கு.

அன்று இரவு வீடியோ காலில் மகள் தன் வீட்டு ஜன்னலைக் காட்டினாள். தரை மட்டத்தில் இருந்த அந்தக் கண்ணாடி வழியாகப் புல்லும், ஒரு அணிலின் காலும், கொஞ்சம் வெயிலும் தெரிந்தன.

“வருது பாருங்கம்மா” என்றாள்.

“காலையில மட்டுந்தானா, சாயங்காலமும் வருமா?” என்று கேட்டார் அம்மா.